கழலும் எண்

ரயிலில் மேல் பெர்த்தில்
எனக்குப் பதிலாக அதுதான் படுத்து வந்தது.
வள்ளியூரில் இறக்கும்போது ஒருவர் கேட்டார்:
தம்பி, இது என்ன, காத்தாடி றெக்கையா?
பணகுடிப் பக்கத்தாராக இருக்கும்.
பனிச்சறுக்குப் பலகை என்றேன். தலையாட்டினார்.
அதில் காலைப் பூட்டும் பைண்டிங் இருக்கிறதே,
அதைச் சொல்லி முடிப்பதற்குள்
பிளாட்பாரம் காலியாகிவிட்டது.

களக்காட்டில் பங்குனி. ஓட்டுக்குக் கீழே
காற்றாடி சுற்றியது, காற்று வரவில்லை.
பிரம்மசக்தியின் தையல் மேசையில் பலகையைக் கிடத்தி
முன்கவ்வியின் இரண்டு முளைகளையும் துடைத்தேன்.
அவை நுழைகிற குழி பூட்ஸின் மூக்கில் இருக்கிறது.
கொண்டை ஊசியால் நோண்டினேன்.
போன மாசியின் காஷ்மீரத்து மண்
கடுகளவு உதிர்ந்தது.
அவள் அதைக் கத்தரித்துண்டுகளோடு
கூட்டித் தள்ளிவிட்டாள்.

எண்ணெய் போடணுமா என்று
தேங்காயெண்ணெய்ப் புட்டியை நீட்டினாள்.
அங்கே இது கல்லாகிவிடும்.
இங்கேயும் மார்கழியில உறையத்தான செய்யுது?
ஆமாம், ஆனால் இங்கே யாரும்
அதை நம்பி மலையிலிருந்து இறங்குவதில்லை.
வெள்ளை கிரீஸ் ட்யூபைப் பிதுக்கினேன்,
பொட்டு வைக்கிற அளவுக்கு.

ஏறும்போது குதிகால் தூக்கித் தூக்கி நடக்கும்.
இறங்கும்போது பின்கவ்வி அதைப் பிடித்துக்கொள்ளும்.
நடுவே நாலு மில்லிமீட்டர் சந்து வேண்டும்.
அளவுத் தகட்டை எங்கோ தொலைத்திருந்தேன்.
அவள் டப்பாவில் துழாவி
இரண்டு சட்டைப் பொத்தானை ஒட்டிப் பிடித்து நுழைத்தாள்.
இழுத்தால் வந்தது, விட்டால் நின்றது.

இனி எண்.
எத்தனை முறுக்கில் கால் கழன்றுகொள்ளலாம் என்று
ஸ்பிரிங்குக்குச் சொல்லி வைக்கிற எண்.
குறைந்தால் பாதிச் சரிவில் பலகை போய்விடும்.
கூடினால் பலகை இருக்கும்.
நேகிக்குக் கூடியிருந்தது.
பலகை திரும்பியது, நேகி திரும்பவில்லை,
முட்டி நடுவில் இருந்தது.

எடை தெரிய வேண்டும்.
வாழை மண்டித் தராசில் தார்களை ஒதுக்கிவிட்டு ஏறினேன்.
அறுபத்தஞ்சரை, என்றார் மசூது பாய்.
ஏத்தனா, மட்டியா, எந்த ரேட்டு போடட்டும்?

அட்டவணை இன்னொன்றும் கேட்கும்:
நீ பையப் போகிறவனா, நடுத்தரமா, பாய்கிறவனா?
ஒண்ணுன்னு போடுங்க, என்றாள் நூலைக் கோத்தபடி.
இரண்டு என்று எழுதினேன்.
மூன்றை நினைத்துக்கொண்டு எழுதியது
அவளுக்குத் தெரியும்.
குறிமுள் ஐந்தரை.

முப்பது நாள் லீவு.
சொதி, சாளைக்குழம்பு, ராத்திரி பத்து மணிக்குப் புரோட்டா.
கடைசி நாள் மறுபடி தராசு: அறுபத்தொன்பது.
அட்டவணையில் ஒரு வரி கீழே இறங்கினேன்.
திருகி ஆறரையில் வைத்துவிட்டுத் தூங்கினேன்.

காலையில் சாக்குத்துணி சுற்றும் முன்
முள்ளைப் பார்த்தேன்.
ஐந்தரை.
ஒரு பலகை என்றால்
ஸ்பிரிங் தளர்ந்தது என்று நம்பியிருப்பேன்.
இரண்டிலும்.

திருகுனியா?

அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.
துணி கிழியதுக்கு முன்ன நூல் அறணும்லா.

நான் சொன்னேன்: சரிவு, அடியில் பாறை,
ஒற்றைப் பலகையோடு நிற்பவன் நிலைமை.
கூடவே, யாரிடமும் சொல்லாத ஒரு மத்தியானத்தையும்.
மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.
கேட்டு முடித்து பாபின் டப்பாவைத் திறந்து
என் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தந்தாள்.

வலது பலகை, கொஞ்சம்.
இடது பலகை, கொஞ்சம்.
ஆறில் நிறுத்தினேன்.
அட்டவணைக்கும் அது பிடிக்காது, அவளுக்கும்.

ஆட்டோ ஹாரன் அடித்தது.
பை வழக்கத்தைவிடக் கனத்தது;
ஒரு சீப்பு ஏத்தன், பழுக்காதது,
டெல்லி தாண்டித்தான் பழுக்கும் என்றாள்.
அதன் எடையை எந்த வரியில் சேர்ப்பது என்று
அட்டவணையில் இல்லை.